டிவிக்குப் பின்னால் இருந்தவள்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு அவள் மேல் பொறாமை. அது அவளுக்குத் தெரியாது. இப்போது மறைமலை நகர்ப் பக்கம் பேரன் பேத்தியோடு இருக்கிறாளாம். பெயரைப் போட்டால் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, பொறாமைன்னே போட்டுடவா? ஆதங்கம்னு போட்டா கொஞ்சம் மரியாதையா இருக்குமே" என்று இப்போதுதான் கேட்டாள். பொறாமை என்றே போடச் சொன்னேன். ஆதங்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பொறாமை தெரியும்.

அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் குரல்தான் வரும். அதுவும் ஒரே ஒரு சொல். "தெரியாதுண்ணா." இதை எப்படிச் சொல்லுவாள் தெரியுமா? யாராவது பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லுவோமே, அந்த மாதிரி. வெட்கம் கிடையாது, இழுப்பு கிடையாது, தலையைச் சொறிவது கிடையாது. தெரியாதுண்ணா. அவ்வளவுதான். சொல்லிவிட்டு அந்தப் பொருளையே உற்றுப் பார்ப்பாள்.

நான் அப்படிச் சொன்ன ஆள் இல்லை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அப்போது தொண்ணூற்றொன்று. எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில். இப்போது கம்பெனிச் சுவர் இல்லாத இடம் கிடையாது. அப்போது ரோட்டுக்கு இந்தாண்ட ஏரி, அந்தாண்ட கழனி. நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. "ஏ, லோடு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய கறுப்பு வெள்ளை டிவியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மரப்பெட்டி வைத்தது. முன்னால் ஷட்டர் மாதிரி கதவு இருக்கும், சாத்திப் பூட்டலாம். எங்கள் தெருவில் முதல் டிவி அதுதான்.

அந்த ஷட்டரை நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பேன். படம் போடுகிற நேரம். கூடம் நிறைந்திருக்கும். யார் எங்கே உட்கார வேண்டும் என்று நான் சொல்லுவேன். உயரமான ஆளைப் பின்னால் போகச் சொல்லுவேன். இரும்பு நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் நான். வாரம் முழுக்க லோடு, லோடு என்று கூப்பிட்டவனை அன்றைக்கு மட்டும் "அண்ணே, கொஞ்சம் சத்தம் வைங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். எனக்கு அந்த ஒரு சாயங்காலம் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

டிவிக்கு அடுத்து எனக்கு மரியாதை வாங்கித் தந்தது ஆன்டெனா. மெட்ராஸிலிருந்து வருகிற படம் எங்கள் ஊருக்கு வருவதற்குள் களைத்துப்போகும். உயரமாகக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டி, சரியான திசைக்குத் திருப்ப வேண்டும். ஒரு பலத்த காற்று அடித்தாலோ, இரண்டு காக்கை சேர்ந்தாற்போல உட்கார்ந்தாலோ திரும்பிக்கொள்ளும். அப்புறம் மற்ற வீடுகளிலும் டிவி வந்தது. எல்லார் வீட்டுக் கூரையிலும் நான்தான் ஏறுவேன். குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே, "வந்துச்சா?" என்று கத்துவேன். கீழேயிருந்து, "வரல... வரல... ஆங் வந்துச்சு... போச்சு, போச்சு" என்று கத்துவார்கள். நான் கொண்டுவந்த படத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாயும் காக்கையும்தான்.

ஆனாலும் டிவி என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சொல்லுவேன். படத்தில் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளியாக இருந்தால், "மெட்ராஸ்ல மழை பேயுது" என்பேன். ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிந்தால், "ஏரித் தண்ணி மேல பட்டு எகிறி வருது, அதான்" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் கூரையிலிருந்து இறங்கியதில்லை.

அவள் அந்த வருஷம் பொங்கல் கழிந்து எங்கள் தெருக் கடைசி வீட்டுக்குக் குடிவந்தாள். புருஷனுக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் கிண்டிப் பக்கம் ஒரு டிவி கம்பெனியில் வேலை பார்த்தவளாம். இதைக் கேட்ட அன்றைக்கே நேராகப் போய், "டிவியெல்லாம் செய்வியாமா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. லைன்ல எனக்கு ஒரே ஒரு எடம். அங்க ஈயம் வெச்சித் தள்ளுவேன். அதுக்கு முன்னாடி அது எப்டி வந்துச்சு, அப்பறம் எங்க போச்சு, தெரியாதுண்ணா."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு நாள் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வருஷம் மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதை நான் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் பக்கத்து டிவியெல்லாம் பொழுதுக்கும் ஓடியது, ஓடி ஓடிச் சூடேறி ஒவ்வொன்றாக நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் நின்றது பால் சொசைட்டிக்காரர் வீட்டு டிவி.

பால் சொசைட்டிக்காரர் என்றால் சொசைட்டியில் பால் அளக்கிறவர். வாய் அதிகம். நான் அவர் வீட்டுக் கூரையில் ஏறி, திருப்பாத திசை இல்லை. இறங்கி வந்து, "மெட்ராஸ்லயே நிறுத்திட்டானுங்க" என்றேன்.

"யோவ், பக்கத்து வூட்ல ஓடுதுய்யா!" என்றார் அவர்.

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நான் தொறந்து பாக்கட்டாண்ணா?"

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்த என்னோட எடம் எப்டி கீதுன்னு மட்டும் பாக்கறேன்."

பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே தூசியும் ஒரு பல்லி முட்டையும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரிடத்தைக் காட்டினாள். ஈயம் கருகி, சுற்றிலும் மோதிரம் போட்ட மாதிரி வெடித்திருந்தது. அவள் கிண்டியில் வைத்துத் தள்ளிய இடம் அதுதான். வீட்டுக்கு ஓடிப்போய் ஈயம் வைக்கிற சூட்டுக்கோலைக் கொண்டுவந்து, ஒரு சொட்டு வைத்தாள். டிவி ஓடியது.

பால் சொசைட்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து ஆரம்பித்தது. யார் வீட்டு டிவி நின்றாலும் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததோ ஒரு சொட்டு ஈயம். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் "இது எனுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொடுவாள். நான் நினைத்தேன், இப்படிச் சொல்லுகிறவளை எவன் நம்புவான் என்று. எல்லாரும் நம்பினார்கள். என் மனைவியே, "அந்தப் பொண்ணு தெரியாதத்த தெரியாதுன்னு சொல்லிடுது. அப்போ தெரியும்னு சொன்னா மெய்யாலுமே தெரியும்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். குழிப்பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுவாள். முதலில் கழற்றுகிற ஸ்க்ரூ முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவாள். எது எங்கே போகும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் சட்டி ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்பாள். வலது கையால்தான் வேலை. இடது கையை முந்தானையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொள்ளுவாள். ஒரு நாள் அதைத் தொட்டு இதைத் தொட்டு, படம் தெரிகிற டியூபிலிருந்து கரண்ட் அடித்த அடியில் சுவரோரம் போய் விழுந்தாளாம். இரண்டு கையையும் உள்ளே விட்டதால்தான் அப்படி அடித்தது என்று அப்புறம் யாரோ சொன்னார்களாம். அதைத் தெரு முழுக்க அவளே சொல்லிக்கொண்டு போனாள், "தெரியாம தொட்டுட்டேன்க்கா, தூக்கிக் கடாசிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே. நான் கூரையிலிருந்து ஒரு முறை சறுக்கி விழுந்திருக்கிறேன். ஆறு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. நொண்டியதற்கு முள் என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை ஆன்டெனா வயர் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். தேரடிப் பக்கம் ஒரு டிவி ரிப்பேர்க் கடை. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரன் தலையைத் தூக்காமல், "இன்னாமா, இன்னிக்கும் வந்துட்டியா? வூட்ல வேல வெட்டி இல்லியா?" என்றான்.

"கீதுண்ணா. இது இன்னான்னு சொன்னா, போய்ப் பாப்பேன்." கையில் கருகிப்போன ஏதோ ஒரு சாமான்.

"சொன்னா புரிஞ்சிடுமா உனுக்கு?"

"தெரியாதுண்ணா. சொல்லிப் பாருங்க."

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நகரவில்லை. கடைசியில் அவன் எரிச்சலோடு நாலு வார்த்தை சொன்னான். அந்த நாலு வார்த்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நானாக இருந்தால் முதல் சிரிப்புக்கே திரும்பி வந்திருப்பேன். திரும்பி வந்து, அந்தக் கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரில் சொல்லியிருப்பேன். நான் வயரை வாங்காமலே வந்துவிட்டேன். எனக்கு அவள் வேலை தெரிந்தவளாக ஆவதில் பொறாமை வந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. இவளுக்கு எப்படி இது சுடவில்லை என்று வந்த பொறாமை.

அவள் ஒரு டிவியைச் சரிசெய்தால் என் கூடத்தில் ஒரு குடும்பம் குறையும். இதுதான் கணக்கு. அதுவரைக்கும் யார் வீட்டு டிவி நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இப்போது வியாழக்கிழமை நின்றால் சனிக்கிழமை சரியாகிவிடுகிறது. கூடம் அரையானது, காலானது. உயரமான ஆளைப் பின்னால் போகச் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் திறந்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"சொசைட்டிக்காரர் வூட்டுக்கு. அங்க எல்லாரும் கீறாங்க. பேசிக்கினே பாக்கலாம். நீ பேசவே வுட மாட்ட."

நான் தனியாக இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன். என்ன படம் என்று கேட்காதீர்கள்.

அதற்கு அடுத்த வாரம் என் டிவி நின்றது. நின்றதென்றால் அடியோடு நிற்கவில்லை. சத்தம் வந்தது. படம் போய், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும். என் மனைவி அதைப் பார்த்ததும், "முருகா! வேல் மாதிரி கீதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகை தவறாதவள். சூடம் ஏற்ற எழுந்துவிட்டாள்.

"மெட்ராஸ்லயே கோடுதான் போடறான்" என்றேன்.

"அப்போ இந்தப் பாட்டு யாரு பாடறது, கோடா?" என்று கேட்டுவிட்டு, சூடத்தை வைத்துவிட்டு, நேராகத் தெருக் கடைசி வீட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. கோடு மட்டும் தெரிகிற டிவிக்கு ஷட்டர் எதற்கு?

அவள் பணியாரச் சட்டியோடு வந்தாள். "கோடு மட்டும் வர்ற டிவி நான் பாத்ததே இல்லண்ணா. தெரியாது. தொறக்கட்டா?" என்றாள். திறந்து பார்த்தாள். டியூபின் கழுத்தில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம் இருக்கும். அதுதான் படத்தை இழுத்து விரிக்கிறது என்றாள். கடைக்காரன் சொன்ன நாலு வார்த்தையில் அதுவும் ஒன்று. அந்த வளையத்துக்குப் போகிற இரண்டு வயரும் சூட்டில் இற்றுக் கையோடு வந்துவிட்டன.

"அண்ணா, நான் பின்னாடி கீறேன், எனுக்குப் படம் தெரியாது. நீங்க முன்னாடி உக்காந்து இன்னா தெரியுதுன்னு சொல்லுங்க."

உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நான் மேலே நின்று கேட்டேன், கீழே இருப்பவர்கள் சொன்னார்கள். இப்போது முதல் தடவையாக என்னைக் கேட்கிறாள். அவள் என்னமோ செய்தாள், கோடு ஒரு விரற்கடை அகலமானது, மறுபடி கோடானது.

"இன்னா தெரியுதுண்ணா?"

"அது வந்துமா, மேற்கால காத்து அடிக்குது இல்ல, அதனால ஆன்டெனா கொஞ்சம்..."

"அது இல்லண்ணா. படம் வந்துச்சா?"

"வர்றதுக்கு உண்டான மாதிரிதான் கீது. பூஸ்டர்ல கொஞ்சம் பவர் ஏத்தினா..."

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் உள்பக்கம் திரும்பி, "அக்கா, ஒரு கண்ணாடி தாங்களேன். அண்ணன் சொல்றது எனுக்குப் புரியல" என்றாள்.

என் மனைவி சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவந்து, நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியில் வைத்தாள். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

இனிச் சொல்வது அவளே அப்புறம் விளக்கியது. அவள் வயரை முதலில் சரியாகத்தான் வைத்தாள். படமும் முழுசாக வந்தது. ஆனால் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது கண்ணாடியில் எழுத்தெல்லாம் வலமிடமாகத் திரும்பித் தெரிந்தது. கண்ணாடியில் எழுத்து அப்படித்தானே தெரியும். கண்ணாடி வைத்து வேலை செய்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஐயோ, வயரை மாற்றி வைத்துவிட்டோம் போல என்று நினைத்து, இந்த வயரை அங்கேயும் அந்த வயரை இங்கேயும் மாற்றி ஈயம் வைத்துவிட்டாள். இப்போது கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தது.

"முன்னாடி எப்டிண்ணா கீது?"

"ஃபஸ்ட் கிளாஸ்" என்றேன். ஆள் தெரிந்தது, முகம் தெரிந்தது. ஓரமாக எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். என் மனைவியும் என் மாதிரிதான். டிவிக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து வந்து பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே சட்டியில் தடவித் தடவி ஸ்க்ரூவை மாட்டிவிட்டு, புருஷனுக்குச் சமைக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

மறுநாள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "யோவ், இந்தப் பொம்பளை ஏன் முந்தானைய வலது தோள்ல போட்டுக்கினு கீறா?" என்றாள்.

"வடக்கத்திப் பொம்பளைங்க அப்டித்தான் போடுவாங்க."

"தமிழ்ல படிக்கிறாளே."

"கல்யாணம் பண்ணிக்கினு வந்திருப்பா. உனுக்கு இன்னா அதெல்லாம்?"

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நம்ம டிவி முன்னைவிட நல்லா இருக்கு, வாங்க என்று. மரியாதைக்காக எல்லாரும் வந்தார்கள். கூடம் நிறைந்தது. அவளும் வந்து வாசல் நிலையோரம் நின்றாள். நான் ஷட்டரைத் திறந்தேன். பெயர் போடுகிற எழுத்து ஓடியது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. நான் சத்தத்தை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கல்யாணம், பந்தி.

"யோவ்!" என்று எழுந்துவிட்டார் பால் சொசைட்டிக்காரர். "பந்தியில அத்தினி பேரும் எடது கையால துன்றானுங்கய்யா!"

கூடமே வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை இடது கையால் தாலியை வாங்கினான். ஐயர் இடது கையால் அட்சதை போட்டார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் தேடிக்கொண்டிருந்தேன். மழை, ஏரி, காற்று, காக்கை, எதுவும் பொருந்தவில்லை.

"எழுத்துகூட திரும்பித்தான் வந்துச்சு. நாலு நாளா இத்தயா பாத்துக்கினு இருந்த?" என்று அவர் என்னைக் கேட்டார். "எழுத்தப் பாத்தா தெரியல உனுக்கு?"

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் மனைவியைத் தவிர அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆன்டெனாவுக்கு வைக்கிற பூஸ்டர் பெட்டி மேல் எழுதியிருப்பதைக்கூட படிக்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். கூடம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் ஒரு கேள்வி வந்தால் போதும், அவ்வளவுதான்.

"என் தப்புண்ணா அது" என்றது வாசலோரத்துக் குரல். "கண்ணாடியப் பாத்து வயர மாத்தி வெச்சிட்டேன். எல்லாம் எடம் வலம் மாறிப்போச்சு."

"இவரு பாத்து சொல்லலியாமா?"

"அண்ணன் இன்னா பண்ணுவாரு? அப்போ பாத்து கரண்ட் போயிடுச்சு." அதையும் அதே குரலில்தான் சொன்னாள். பசிக்கவில்லை என்கிற குரல். அப்புறம் அவளும் டிவியைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்து நிமிஷம் குடுங்க, மாத்திடறேன்."

"வேணாம்மா! வேணாம்!" என்று கூடமே கத்தியது. "இப்டியே இருக்கட்டும்! நல்லா கீது!"

அந்தப் படத்தை எல்லாரும் கடைசி வரைக்கும் பார்த்தார்கள். சண்டையில் இடது கைக் குத்துக்கு ஒரு ஆரவாரம். அடுத்த வாரமும் வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்துகூட வந்தார்கள். அவரவர் வீட்டில் டிவி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, என் வீட்டுத் திரும்பிய படத்துக்குக் கூட்டம். உயரமான ஆளை மறுபடி பின்னால் போகச் சொன்னேன். சந்தோஷம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வயிறு எரியும். அவள் சரியாகச் செய்த வேலையெல்லாம் என் கூடத்தைக் காலி செய்தது. அவள் செய்த ஒரே ஒரு தப்பு நிரப்பிவிட்டது. என் திறமைக்கு இதில் எங்கேயும் இடமில்லை.

ஒவ்வொரு வாரமும் போகும்போது, "மாத்திடட்டாண்ணா?" என்று கேட்பாள். "இருக்கட்டும்மா, அவசரம் இல்ல" என்பேன். "சரிண்ணா" என்று போய்விடுவாள். ஏன் என்று கேட்டதே இல்லை.

வேடிக்கை எத்தனை நாள் தாங்கும்? ஆடி வந்தபோது கூட்டம் இளைத்துவிட்டது. கடைசியில் முடித்துவைத்தவள் என் மனைவி. ஒரு நாள் சாமிப் படம் போட்டார்கள். முருகன் வேலை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், எழுந்து ஷட்டரைச் சாத்திவிட்டாள். "ஆடிக் கிருத்திகை அதுவுமா இந்தப் பாவம் என் வூட்ல வேணாம். போய் அந்தப் பொண்ணக் கூட்டுக்கினு வா."

நானே போனேன். உதவி கேட்டு அவள் வீட்டு வாசலுக்கு நான் போனது அதுதான் முதலும் கடைசியும்.

சட்டியோடு வந்தாள். ஷட்டரைத் திறந்தேன். கண்ணாடியை எடுக்கப் போன என் மனைவியை, "வேணாம்க்கா, அதுதான் என்ன ஏமாத்துச்சு. அண்ணனே சொல்லட்டும்" என்றாள். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். டிவிக்குப் பின்னால் போய்விட்டாள். பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, பிடிக்கு ரப்பர் போட்ட குறட்டால் வயரை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விட்டால் மறுபடி கோடாகிவிடும். சரி என்று நான் சொன்னால் ஸ்விட்சை அணைத்து ஈயம் வைக்க வேண்டும். இடது கை இடுப்பில் இருந்திருக்கும். எனக்கு அவள் தலை உச்சி மட்டும் தெரிந்தது.

"எழுத்து நேரா கீதாண்ணா?"

ஓரத்தில் எழுத்து இருந்தது. பார்த்தேன். வளைவும் கோடும். நேர் என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "எனுக்குப் படிக்கத் தெரியாது."

அவள் சொன்ன மாதிரி வரவில்லை. அவள் வாயில் எவ்வளவு லேசாக இருக்கும் அது. எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்று நின்று வந்தது. சொன்ன பிறகும் அங்கேயே கொஞ்சம் மிச்சம் இருந்தது. இத்தனை நாள் வயிற்றெரிச்சலோடு பார்த்துவிட்டு, சொல்லும்போதுகூட அவள் அளவுக்குச் சொல்ல வரவில்லையே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.

 "சரிண்ணா" என்றாள், டிவிக்குப் பின்னாலிருந்து. "அப்போ எத்த வெச்சிப் பாக்கலாம்?"

யோசித்தேன். "கொஞ்சம் இரும்மா. பொடவ கட்டின பொம்பளை யாராச்சும் வரட்டும். முந்தானையப் பாத்துச் சொல்லிடறேன்."

"ஆங், அது நல்ல ரோசனை" என்றாள்.

விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வெற்றுடம்பும் துண்டுமாக இரண்டு ஆம்பளைகள் வரப்பில் நின்று நெல்லுக்கு வருகிற பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. ஒரு மாடு வந்தது. போனது. மறுபடி அந்த இரண்டு ஆம்பளைகள். நான் நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குறட்டுப் பிடியைத் தளர்த்தாமல் இருந்தாள்.

"வந்துச்சாண்ணா?"

"இன்னும் வரலம்மா" என்றேன்.